அதே மதகா, வேறு மதகா?

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. மதுராந்தகம் பக்கம் போன வாரம் போனேன். வழி நெடுக ஏரிகளில் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது.

எட்டு மாதமாக என் சனி, ஞாயிறு எல்லாம் ஏரிக்கரையில்தான் போகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளையும் மதகுகளையும் நேரில் பார்த்துப் பதிவுசெய்யும் ஒரு சின்னக் குழுவுக்கு, பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஒரு தளம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீயும் பொள்ளாச்சித் தோப்புகளுக்கு அப்படி ஒன்று தொடங்கப் போகிறாய். "டேட்டாபேஸில் இடம் ஒரு டேபிளில் இருக்கிறது, நான் கேட்பது இன்னொரு டேபிளில், குவெரி (தேடல் கேள்வி) தாண்டிப் போகுமா?" என்று கேட்டிருந்தாய். போகும். போகிற வழியில் நான் எங்கே இடறினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உனக்கு உதவும்.

எங்களுடைய மாடல்கள், அதாவது ஒவ்வொரு டேபிளுக்கும் ஜாங்கோவில் எழுதும் வரையறைகள், இவ்வளவுதான். ஏரிக்கு அதன் எல்லையைக் காட்டும் ஒரு பாலிகன். மதகுக்கு ஒரு பாயின்ட், அதன் நிலை, எந்த ஏரியின் மதகு என்று ஒரு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு). ஆய்வு என்று ஒரு மாடல், அதிலிருந்து மதகுக்கு ஃபாரின் கீ. ஆய்வில் தேதியும் குறிப்பும் உண்டு, இடம் கிடையாது. கிராம எல்லை தனியாக, யாரோடும் சேராமல் நிற்கிறது.

"இந்தக் கிராமத்துக்குள் நடந்த ஆய்வுகள் எவை?" ஆய்வு மாடலில் ஃபில்டர் போட்டு, மதகு__இடம்__விதின் என்று எழுதிக் கிராமத்தின் எல்லையைக் கொடுத்தால் போதும். இரட்டை அண்டர்ஸ்கோர் ஃபாரின் கீயைத் தாண்டிப் போய் இடத்தைப் பிடித்துவிடும். இரண்டு டேபிளையும் சேர்க்கும் ஜாயினை ஜாங்கோ எழுதும், உள்ளே இருக்கிறதா என்பதை போஸ்ட்ஜிஐஎஸ் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு இடக் கணக்கு சேர்க்கும் நீட்சி) பார்த்துச் சொல்லும். அந்தக் காலத்தில் நாம் இதே வேலைக்கு, இடமே இல்லாத மாடலிலும், இடக் கேள்விகளுக்கென்று இருந்த ஜியோமேனேஜரைப் போட வேண்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? போட மறந்து ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தோமே! ஜாங்கோ 2.0 வந்தபோது அதை எடுத்தே விட்டார்கள்.

மதகிலிருந்து ஏரிக்குப் போவது சுலபம், ஒரு மதகுக்கு ஒரே ஏரி. ஏரியிலிருந்து மதகுகளுக்கு இறங்கும்போதுதான் சிக்கல். ஒரு கிராமத்தார் கேட்டார்கள்: "எங்க எல்லைக்குள்ள பழுதான மதகு இருக்கிற ஏரிங்க எது?" ஏரி மாடலில் முதலில் மதகின் இடம் எல்லைக்குள் என்று ஒரு ஃபில்டர், அதன் பின்னால் மதகின் நிலை பழுது என்று இன்னொரு ஃபில்டர். நான்கு ஏரிகள் வந்தன. பட்டியலை எடுத்துக்கொண்டு முதல் ஏரிக்குப் போனோம்.

கரையில் ஒரு பெரியவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மதகைக் காட்டினார். திருகுக் கம்பியில் கிரீஸ் பளபளவென்று இருந்தது. அவரே திருகிக் காட்டினார், கதவு சத்தமில்லாமல் ஏறியது. "பழுதா? இது போன மாசம்தாம்மா சரி பண்ணது. நீங்க சொல்றது அந்தக் கோடி மதகு. அது பக்கத்து ஊர் எல்லைக்குள்ள இருக்கு." கரையின் மறுமுனைக்கு நடந்து போய்ப் பார்த்தோம். அங்கே கதவே இல்லை, மணல் மூட்டை அடுக்கியிருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பல மதகுகள் உள்ள ஏரியில் ஃபில்டரை இரண்டு முறை தொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஜாங்கோ தனித்தனி ஜாயின் போடுகிறது. எல்லைக்குள் ஏதோ ஒரு மதகு, பழுதாக ஏதோ ஒரு மதகு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு நிபந்தனையையும் ஒரே ஃபில்டரின் அடைப்புக்குள் போட்டால்தான் அதே மதகைப் பற்றிய கேள்வியாகிறது. போட்டுப் பார்த்தேன், நான்கு ஒன்றானது. பொருந்துபவற்றை விலக்கும் எக்ஸ்க்ளூடில் ஒரே அடைப்புக்குள் போட்டாலும் அந்த உறுதி இல்லை, பார்த்துக்கொள். உன் தோப்புகளுக்குப் பல கிணறுகள் இருக்கும். நீயும் இதே இடத்தில்தான் வந்து நிற்பாய்.

அப்புறம் இன்னொன்று. ஒரு ஏரியில் மூன்று மதகு பொருந்தினால் அந்த ஏரி மூன்று முறை வரும். ஏரி பாசனம் தரும் ஆயக்கட்டு ஏக்கரைக் கூட்டினால் மூன்று மடங்காகும். திரும்ப வருவதை நீக்கும் டிஸ்டிங்க்ட் போடுவதைவிட, எக்ஸிஸ்ட்ஸும் (இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது) அவுட்டர்ரெஃப்பும் (வெளியே உள்ள ஏரியைச் சுட்டுவது) வைத்து, "இப்படி ஒரு மதகாவது இருக்கிறதா?" என்று கேட்பதே எனக்குப் பிடிக்கிறது. ஏரி ஒரு முறைதான் வரும், கேள்வியும் நாம் வாயால் கேட்பது போலவே இருக்கும்.

இவ்வளவு தூரத்துக்குள் என்று கேட்க டிவிதின் எடு, அது இண்டெக்ஸைப் பயன்படுத்துவதால் வேகமாகத் தேடும். ஆனால் 4326இல் (அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரியில் தரும் முறையின் எண்) சேமித்த ஜியோமெட்ரி ஃபீல்டில் 500 மீட்டர் என்று கேட்டால் ஜாங்கோ ஒத்துக்கொள்ளாது, டிகிரியில் கேள் என்று பிழை காட்டும். நான் எல்லாவற்றையும் 32644 என்ற யுடிஎம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டேன், அது மீட்டர் கணக்கு. நீ அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பொள்ளாச்சி 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே அடுத்த மண்டலத்தில் இருக்கிறது, உனக்கு 32643. மாற்றிய பிறகு, ஒவ்வொரு மதகும் தன் ஏரியின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று டிஸ்டன்ஸ் ஃபங்ஷனுக்கு இடம், ஏரி__எல்லை இரண்டையும் கொடுத்து ஒரு தடவை கணக்கிட்டேன். 200 மீட்டருக்கு அப்பால் இருந்தவை எல்லாம் ஏரி மாற்றிப் பதிந்தவை. இந்தச் சோதனையை முதல் நாளே செய்துவிடு.

அந்தக் கோடி மதகுக்கு இன்னும் கதவு வரவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து மனு எழுதியிருக்கிறார்கள், எங்கள் படத்தையும் இணைத்திருக்கிறார்கள். உன் மாடல்களைக் காகிதத்தில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. கிணறு தோப்போடு சேருமா, விவசாயியோடு சேருமா என்பதை முதலில் முடிவு செய். பொங்கலுக்கு வந்தால் அந்தக் கரையில் உன்னை நடத்திக் கூட்டிப்போகிறேன், தை வரை தண்ணீர் நிற்கும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலா