ஆயிரம் இலையும் ஒரே வேளையில் வேண்டாம்: அன்னதானக் குழுக்களுக்குத் திறந்த மடல்

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிப் பாதையில் பந்தல் போடும் குழுவினருக்கும், ஊர்த் திருவிழாவில் அண்டா ஏற்றும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசி நாள்தோறும் வரும் என்று தெரிந்து மூட்டிய அடுப்பு. உங்கள் பந்தல்களில் மனசுக்கும் குறைவில்லை, அரிசிக்கும் குறைவில்லை. நேரம்தான் தவறுகிறது. பந்திக்குச் சமைக்கிற எங்களுக்கு அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

ஆயிரம் பேருக்குக் கலந்த சாதம் என்றால் 100 கிலோ அரிசி, அதாவது நான்கு சிப்பம். நான்கையும் விடியற்காலை மூன்று மணிக்கே வடித்து, ஓலைப்பாயில் மலையாகக் குவித்து, பதினோரு மணிக்கு முதல் இலை போடுவது பல பந்தல்களில் வழக்கம். கெடுவது இங்கேதான். அரிசியிலேயே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை விழித்துப் பெருகும். குவியலின் மேல்பக்கம் ஆறிவிடும். நடுப்பகுதி மட்டும் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடக்கும், கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. அது கக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். ‘சூடு பண்ணித்தானே கொடுத்தோம்’ என்ற சமாதானம் இதற்குச் செல்லாது.

ஆகவே உலை உலையாக வையுங்கள். ஓர் உலைக்கு ஒரு சிப்பம், 25 கிலோ. கிட்டத்தட்ட 250 பேருக்கு வரும். ஊறிய அரிசி இருபது நிமிடத்தில் வெந்துவிடும். அதற்கான 100 லிட்டர் தண்ணீர் கொதிக்கத்தான் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்துக்குப் பயந்துதான் எல்லாவற்றையும் முன்கூட்டியே வடித்துவிடுகிறார்கள். இரண்டாவது அடுப்பில் உலைநீர் மட்டும் எப்போதும் கொதித்துக்கொண்டிருந்தால் போதும். முதல் உலைச் சோறு பாதி தீர்ந்ததும் அடுத்ததற்கு அரிசியைப் போடலாம், பந்தி நிற்காது. கலப்பதற்கு முன் சோற்றை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆற்றுங்கள்.

சற்று நேரம் வைத்திருந்தே தீர வேண்டுமென்றால் புளியோதரை செய்யுங்கள். புளிப்பும் உப்பும் நல்லெண்ணெயும் அதைக் காப்பாற்றும். புளியைக் கஞ்சத்தனமாக விட்டால் காப்பாற்றாது. தேங்காய்ச் சாதமும் தேங்காய் போட்ட சுண்டலும் வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும், பந்தலுக்கு ஆகாது. ஆனால் சுண்டலை விட்டுவிடாதீர்கள். வெறும் எலுமிச்சைச் சாதம் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். 100 பேருக்கு 3 கிலோ கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்துத் தாளித்தால் ஆளுக்கு ஆறு கிராம் புரதம் கிடைக்கும்.

புளி சேர்வதை ஈயம் பூசாத பித்தளை, செம்பு அண்டாக்களில் காய்ச்சக் கூடாது. செம்பு கரைந்து குழம்பில் இறங்கும். கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ உள்ளவரைச் சாதம் கலக்க விடாதீர்கள். அந்தப் புண்ணிலிருந்து வரும் கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. லாரித் தண்ணீர் என்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே தூவாமல், வாளியில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். சூடான சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள், உள்ளேயே வியர்த்துக் கெடும். வாழையிலையோ மந்தார இலையோ போதும்.

இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்குப் பதிவு என்று சிலர் கோபப்படுகிறீர்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகள் மதக் கூடுகைகளில் உணவு வழங்குவோரையும் சேர்த்தே சொல்கின்றன. பதிவு செய்யுங்கள். அதிகாரி வந்து தண்ணீரையும் எண்ணெயையும் பார்த்துவிட்டுப் போவது உங்கள் பந்திக்கு நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரே சாலையில் மூன்று கிலோமீட்டருக்குள் பத்துப் பந்தல். பத்திலும் அதே பதினோரு மணிக்கு அதே சாதம். நடந்து வருகிறவர் இரண்டு பந்தலில் சாப்பிடுவார், மூன்றாவதில் கைகூப்பி நகர்வார். மிச்சம் பள்ளத்தில் கொட்டப்படுகிறது. இரவு எட்டு மணிக்குக் கால் வீங்கி வந்து சேருகிறவருக்கு ஒரு பந்தலிலும் அடுப்பில்லை. அடுத்தடுத்த பந்தல்காரர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் இது தீரும்: ஒருவர் காலைக் கஞ்சி, ஒருவர் மதியச் சாப்பாடு, ஒருவர் நீர்மோர், ஒருவர் இரவு. சாலையில் முன்னால் பந்தல் போட்டவருக்குத்தான் மதிய நேரம் என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம்.

திருவிழா முடிந்த மறுநாளையும் கணக்கில் எடுங்கள். தமிழக அரசின் கோயில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கி, இப்போது 750க்கும் மேற்பட்ட கோயில்களில் நடக்கிறது. நாள் முழுவதும் சோறு போடுவது சில பெரிய கோயில்களில்தான். மற்றவற்றில் மதியம் மட்டும். அந்த வாசல்களிலேயே படுத்துக்கிடக்கும் முதியவர்களுக்கு இரவுச் சாப்பாடு இல்லை.

பதினைந்து பேருக்கு இரவு வெண்பொங்கல் என்றால் ஒரு கிலோ அரிசியும் அரைக் கிலோ பாசிப்பருப்பும் போதும். பல் இல்லாதவரும் சாப்பிடலாம், ஆளுக்குப் பன்னிரண்டு கிராம் அளவில் புரதமும் சேரும். குழைய வேகவிட்டு, மிளகைப் பொடித்துப் போடுங்கள். முழு மிளகை முதியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு சிப்பம் அரிசியும் பன்னிரண்டரைக் கிலோ பருப்பும் 25 இரவுக்கு வரும். திருவிழாவுக்கு 40 சிப்பம் எடுக்கும் குழு அதில் 12 சிப்பத்தை நிறுத்திவைத்தால் 300 இரவு. மொத்தமாக வாங்கி அடுக்கினால் வண்டு விழும். கடைக்காரரிடம் பணத்தைக் கட்டி, மாதம் ஒரு சிப்பமாக எடுங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கான கூட்டம் மார்கழியிலேயே கூடிவிடும். அதற்கு வருமுன் ஓர் இரவு ஒன்பது மணிக்கு உங்கள் ஊர்க் கோயில் வாசலில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள். நிறுத்திவைக்க வேண்டிய சிப்பம் எத்தனை என்பதை அந்த எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
பந்திக்குச் சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும்