நீச்சல் பழகப் போகும் மங்கைக்கு

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டு பிரித்த மறுநாளே சுவரில் தொங்கும் காலண்டரைத் தூரத்திலிருந்து படித்துக் காட்டினார். வீடே சிரித்தது.

மூட்டு வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதும், யோசிக்காமல் போய்ப் பெண்கள் பேட்சில் பெயர் கொடுத்துவிட்டாயே, அதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வயதில் தண்ணீரைப் போல் மூட்டுக்கு இதம் தருவது வேறில்லை. இடுப்பளவு நீரில் நின்றாலே உடல் எடையில் ஏறக்குறைய பாதியை நீர் தாங்கிக்கொள்கிறது. அதனால் முதல் சில நாட்கள் ஆழம் குறைந்த பக்கத்தில் வெறுமனே நடந்தால்கூட நல்லதுதான். யாராவது பார்ப்பார்களோ என்று கூச்சப்படாதே.

உன் மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய நீச்சல் சாமான் பட்டியலைப் பார்த்தேன். பாசத்தோடு தேடித் தேடிச் சேர்த்திருக்கிறாள். ஆனால் அத்தனையும் இப்போது வேண்டாம், மங்கை. முதல் மாதத்துக்கு நீச்சல் உடை, தொப்பி, நீச்சல் கண்ணாடி மூன்றும் போதும். மற்றவற்றை, தண்ணீரில் உன் உடம்பு என்ன செய்கிறது என்று கோச் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக வாங்கலாம்.

மூன்றிலும் முக்கியமானது கண்ணாடி. தண்ணீருக்குள் கண் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். விலையைப் பார்த்து வாங்காதே, முகத்தில் வைத்துப் பார்த்து வாங்கு. பட்டையை மாட்டாமல் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடு. ஓரிரு நொடி தானாக ஒட்டி நின்றால் அது உன் முகத்துக்கு ஏற்றது. உடனே விழுந்தால், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் புகும். இறுக்கிக் கட்டுவதால் தலைவலிதான் மிச்சம். உங்கள் பேட்ச் காலை எட்டரைக்கு, அதுவும் திறந்தவெளிக் குளம் என்று எழுதியிருந்தாய். அந்த வெயிலுக்குக் கருப்புச் சாயமோ, முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னும் பூச்சோ உள்ளது வாங்கு. விடியற்காலை பேட்ச் என்றால் சாயமில்லாததே போதும்.

உனக்குத் தூரப் பார்வை மைனஸ் அல்லவா? பவர் போட்ட நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது. ஸ்பீடோ பிராண்டிலும் டெகத்லான் கடையின் நபாய்ஜி பிராண்டிலும் இருக்கிறது. பெரும்பாலும் அரை அரை பவராகத்தான் வரும். சீட்டில் தனியாக எழுதியிருக்கும் சிலிண்டர் பவர் அதில் இருக்காது. அந்தச் சிலிண்டர் பவரில் பாதியை மற்ற பவரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 1 என்றால் மைனஸ் 3.5. அதே பவர் கிடைக்காவிட்டால் ஒருபடி குறைந்ததை எடு. கான்டாக்ட் லென்ஸைப் போட்டுக்கொண்டு மட்டும் தண்ணீரில் இறங்காதே. நீரில் வாழும் ஒரு வகை அமீபா லென்ஸுக்கு அடியில் தங்கிவிட்டால் பார்வையையே கெடுத்துவிடும். அப்புறம், கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் துடைக்காதே, பனி படியாமல் இருப்பதற்கான பூச்சு போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வை.

உடைக்குப் பருத்தி கூடாது. தண்ணீரைக் குடித்துக் கனக்கும். முழுக்கை, முழுக்கால் உள்ளதே வாங்கிக்கொள், வெயிலுக்கும் நல்லது, உன் மனசுக்கும் நிம்மதி. ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி மேனியில் அழகாக உட்காரும், ஆனால் குளோரினில் சீக்கிரம் தொளதொளத்துவிடும். பாலியஸ்டர் அதிகம் உள்ளது நீடித்து உழைக்கும். தொப்பி சிலிக்கானில் வாங்கு. லேட்டெக்ஸ் முடியைப் பிடுங்கும். உன் முடி நீளத்துக்குப் பின்பக்கம் பை போல அகன்ற தொப்பிகள்கூட இருக்கின்றன.

இனி உன் முழங்கால். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உன் பட்டியலில் எது தேவை, எது தேவையில்லை என்பதை முடிவு செய்யப்போவது அதுதான். தவளை நீச்சல் சுலபம் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த உதையில் முழங்காலின் உள்பக்கத் தசைநார் இழுபடும். அந்த நீச்சல்காரர்களுக்கென்றே ஒரு முழங்கால் வலி உண்டு. ஃப்ரீ ஸ்டைலும் மல்லாந்து நீந்துவதும் உனக்குப் பாதுகாப்பு.

நம் நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும். இடுப்புக்குக் கீழேதான் கனம், கால் தாழும். புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் இதுதான் தொல்லை. தொடைகளுக்கு நடுவே ‘புல் பாய்’ (pull buoy) என்கிற மிதவையைச் செருகினால் கால் தானாக மேலே வந்துவிடும், உதைக்கவே வேண்டாம். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் அது உனக்குப் பெரிய உதவி. ஆனால் எப்போதும் அதோடு நீந்தினால், வயிற்றையும் இடுப்பையும் இறுக்கிக் காலை நீரின் மட்டத்துக்குக் கொண்டுவர உடம்பு கற்றுக்கொள்ளவே கொள்ளாது. அதனால் அதை வைத்து ஒரு லேப் போனால், அடுத்த லேப் இல்லாமல் போ. வித்தியாசம் எங்கே தெரிகிறது என்று கவனி. கால் எங்கே இருக்க வேண்டும் என்று உடம்புக்குக் காட்டுவதற்குத்தான் அது.

கிக் போர்டு குளத்திலேயே இருக்கும், வாங்காதே. தலையை மேலே தூக்கிக்கொண்டு உதைத்தால் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். பலகையின் கீழ் ஓரத்தைப் பிடித்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து உதைத்துப் பார். கழுத்து இறுக்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால், முகத்துக்கு நடுவில் மாட்டும் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக் குழாயைப் பின்னால் யோசிக்கலாம். மூச்சுக்காகத் தலையைத் திருப்ப வேண்டியிருக்காது. முதலில் மூக்கில் தண்ணீர் ஏறும், மூக்குக் கிளிப்பும் சேர்த்து வாங்க வேண்டும்.

மகள் எழுதியிருக்கும் நீண்ட ஃபின்ஸ், அதாவது காலில் மாட்டும் துடுப்பு, வேண்டவே வேண்டாம். நீளமானதில் உதை மெதுவாகும், முழங்காலில் சுமை ஏறும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நம் வயதில் கணுக்கால் விறைத்திருப்பதால் உதைத்தும் முன்னே நகர மாட்டோம். அதற்குக் குட்டை ஃபின்ஸ் உதவும், கணுக்காலையும் இளக வைக்கும். மூட்டு வலி அடங்கிய பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கலாம். மிருதுவான ரப்பரிலோ சிலிக்கானிலோ இருக்கட்டும், குதிகால் மூடியதாக இருக்கட்டும்.

உள்ளங்கையில் மாட்டும் தகடான கை பேடிலைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடு. உள்ளங்கை அகலமாகும்போது தோள் இழுக்க வேண்டிய நீரும் கூடும். தோள் நமக்கு இனிமேல்தான் வேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கட்டைவிரலுக்குத் துளை வைத்த இரண்டு பலகைகளைக் கையில் மாட்டி நீந்தியிருக்கிறார். வேகமாகப் போனேன், ஆனால் மணிக்கட்டு சோர்ந்துபோனது என்று பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கருவியின் குணம் அப்போதே தெரிந்துவிட்டது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பா எனக்கு நீச்சல் பழக்கியபோது முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மேலே நின்று பிடித்துக்கொள்வார். கயிறு மெல்ல மெல்லத் தளரும். பிறகு கயிறு போகும். பிறகு குடுக்கையும் போகும். என்றைக்குக் கழற்றுவது என்பது கட்டும்போதே அவர் மனதில் இருந்தது. நீ ஒவ்வொரு சாமானையும் வாங்கும் முன் கோச்சிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்: இதை நான் எப்போது கழற்றுவேன்? பதில் சொல்லத் தெரியாத கோச் என்றால் வேறு கோச்சைப் பார்.

மிதக்க வைக்கும் இடுப்பு பெல்ட் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஆழத்தில் கால் தரையில் படாமல் நடக்க அது நல்லது, மூட்டுக்கு அதிர்ச்சியே இல்லை. ஆனால் அது உயிர்காக்கும் கருவி இல்லை, லைஃப்கார்டு இல்லாத நேரம் ஆழத்துக்குப் போகாதே. பேரனுக்கு நீ வாங்கிய காற்றடிக்கும் கைப்பட்டையும் அப்படித்தான். அதை நம்பி அவனைத் தனியே விடாதே, கைக்கெட்டும் தூரத்தில் யாராவது இருக்க வேண்டும். காதில் பஞ்சு வைக்காதே, ஊறி உள்ளேயே நிற்கும். குளித்ததும் தலையைச் சாய்த்து நீரை வடியவிடு.

உன் கண் பவர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. வரும் சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், இரண்டு மூன்று மாடலில் எடுத்து வருகிறேன். தை மாதம் நீ கோவை வரும்போது வைத்துப் பார்த்து, பொருந்துவதை எடுத்துக்கொள். அதுவரை நடை மட்டும். மருமகளுக்குப் பிரசவ நாள் எப்போது என்று எழுதவே இல்லையே? அம்மா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
சரசு