சிற்றாலயத்தில் ஒரு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்த அக்காவுக்கு

இரண்டாம் செமஸ்டர் கணக்கில் பெயிலான அன்று கல்லூரிச் சிற்றாலயத்துக்குப் போனேன். ஜெபம் பண்ணத்தான் போனேன், ஒரு வார்த்தையும் வரவில்லை, ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் நிற்கிற எனக்கே இப்படியா என்று கோபம் வேறு.

நீங்கள் வந்து ஒரு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தீர்கள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லவில்லை (சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்). முக்கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் ஒரு துண்டுச்சீட்டை வைத்துவிட்டுப் போனீர்கள். அதில் 'சங்கீதம் 88' என்று, வேதாகமத்தில் இருக்கிற ஒரு ஜெபப் பாட்டின் எண் மட்டும் இருந்தது.

அறைக்கு வந்து படித்தேன். 150 சங்கீதங்களில் புலம்பல்கள் நிறைய, ஆனால் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதம் ஆறே வசனத்தில் திரும்பிவிடுகிறது. 88ஆம் சங்கீதமோ, முதல் வசனத்தில் இரட்சிப்பின் தேவனே என்று கூப்பிடுவதோடு சரி, 18ஆம் வசனம் வரை இருட்டுதான். இதுவும் ஜெபம்தானா என்று அன்றுதான் தோன்றியது. நானும் அப்படியே முறையிட்டேன், தூக்கம் வந்தது.

உங்கள் பெயரோ துறையோ தெரியாது அக்கா. நீல உறை போட்ட வேதாகமம் வைத்திருந்தீர்கள். இது உங்கள் கண்ணில் பட்டால், நன்றி. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.