செயலாளரின் ஆண்டறிக்கை: 2020, 2021

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மாற்று உறுப்பு பெற்றவர்களும் அதற்குக் காத்திருப்பவர்களுமான உறுப்பினர்களே, அவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு பொதுக்குழுவைக் கூட்ட முடியவில்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை. முதலில், நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். அவர்களில் சிலர் கொரோனாவால் இறந்தார்கள். சிலர் கொரோனா வராமலேயே, உறுப்புக்குக் காத்திருந்தபடி இறந்தார்கள். அவர்களை எந்தத் தினசரி எண்ணிக்கையிலும் சேர்க்கவில்லை. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்றது. சில வாரங்களிலேயே, இறந்தவர்களின் உறுப்புகளைப் பொருத்தும் சிகிச்சை பிரான்சில் சுமார் 90 சதவீதமும் அமெரிக்காவில் பாதியும் சரிந்தது. 22 நாடுகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன்படி 2020இல் நடக்காமல் போன மாற்று சிகிச்சைகள் 11,000க்கும் மேல்; ஏறக்குறைய 16 சதவீதக் குறைவு. இதயத்தில் சரிவு 5 சதவீதம்தான், சிறுநீரகத்தில் 19. டயாலிசிஸ் இருக்கிறதே, சிறுநீரகக்காரர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும் என்ற எண்ணம் இதில் இருந்தது. ஆனால் டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், பலரோடு ஒரே அறையில். வெளியே வராதீர்கள் என்று எல்லோருக்கும் சொன்ன நேரத்தில், இவர்கள் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நம் உறுப்பினர் ஒருவருக்கு மனைவி சிறுநீரகம் தருவதாக இருந்தது. பரிசோதனையெல்லாம் முடிந்து தேதியும் குறித்தாயிற்று. ஆரோக்கியமான ஒருவரை அந்த நேரத்தில் மருத்துவமனைக்குள் சேர்ப்பது சரியல்ல என்று தள்ளிவைத்தார்கள். முதல் சில வாரங்களுக்கு அது நியாயம்தான். மாதக்கணக்கில் நீண்டதை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இணையவழிக் கூட்டங்களில் (மைக்கை அணைக்க மறந்தவர்களின் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை) சிறப்பாக அமைந்தது, உறுப்புதான ஒருங்கிணைப்பாளர் ஒருவர் பேசியது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்கும்வரை ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டும். அந்தப் படுக்கைகள்தான் நிரம்பிக் கிடந்தன. ஊரடங்கில் சாலை விபத்துகளும் குறைந்தன. அதற்காக யாரும் வருத்தப்பட முடியாது. விமானங்களும் ஓடவில்லை. எடுத்த இதயம் உடலுக்கு வெளியே தாங்குவது நாலிலிருந்து ஆறு மணி நேரம். இதையெல்லாம்விட அவரை வாட்டியது வேறு. முன்பு குடும்பத்தார் பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் தானம் பற்றிப் பேச்சை எடுப்பாராம். இப்போது போனில் கேட்க வேண்டியிருந்தது. உள்ளே வந்து முகத்தைக்கூடப் பார்க்காத மகனிடம் எப்படிக் கேட்பது என்றார்.

கொடையாளரைப் பரிசோதிப்பதில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில். அமெரிக்காவில் கொடையாளர் ஒருவரின் மூக்குச் சளியில் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. ஆனால் நுரையீரலில் வைரஸ் இருந்திருக்கிறது. அந்த நுரையீரலைப் பெற்றவர் இறந்துவிட்டார். அறுவை சிகிச்சைக் குழுவில் ஒருவருக்கும் தொற்றியது.

உறுப்பு பெற்ற நம்மைப் பற்றி. புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நாம் சாப்பிடுகிறோம். கொரோனா பயத்தில் ஓர் உறுப்பினர் அப்படிப்பட்ட மைக்கோஃபினோலேட் மாத்திரையைத் தானாகவே பாதியாக்கினார். சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறிய பிறகுதான் நமக்குச் சொன்னார். தயவுசெய்து மருந்தளவை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கொரோனாவுக்கு 2021 கடைசியில் வந்த பாக்ஸ்லோவிட் மாத்திரையும் அப்படித்தான்: அதிலுள்ள ரிடோனாவிர், நம்மில் பலர் சாப்பிடும் இன்னொரு எதிர்ப்பு சக்தி அடக்கி மருந்தான டேக்ரோலிமஸை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

தடுப்பூசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறோம். ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் நம் மருந்துகள் தடுப்பூசியின் பலனையும் குறைக்கின்றன. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி (ஃபைசர், மாடர்னா வகை) பற்றிய அமெரிக்க ஆய்வில், நம்மைப் போன்றவர்களில் முதல் தவணைக்குப் பின் 17 சதவீதத்தினருக்கும் இரண்டாவதற்குப் பின் 54 சதவீதத்தினருக்கும்தான் வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பணு ரத்தத்தில் தென்பட்டது. அதனால்தான் 2021 ஆகஸ்டில் அங்கே நமக்கு மூன்றாவது தவணையை அனுமதித்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் உள்ளவர்கள் மாற்று சிகிச்சைக்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டால் பலன் கூடும். வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ளட்டும்; முகக்கவசத்தை நாம் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம்.

மருந்து தட்டுப்பாடான வாரங்களில் கையிருப்பைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கும், தனியாக இருந்தவர்களைத் தினமும் போனில் விசாரித்த இளைஞர் குழுவுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தள்ளிப்போன நிர்வாகிகள் தேர்தலை இன்றே நடத்திவிடலாம் என்பது செயற்குழுவின் கருத்து. இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்