பிடி ஏர்லிக்கு ஒரு பெயர்க்கல்: ஃபீக்கிள் பங்கு மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், ஃபீக்கிள் என்ற தேவாலயப் பங்கைச் சேர்ந்த பெரியவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் ஊர்க்காரன் அல்ல. உங்கள் ஊர்க் கதைகளைத் தொலைவில் இருந்து தேடித் தேடி வாசிக்கிறவன். அந்த உரிமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தவறாக ஏதும் சொல்லியிருந்தால் திருத்துங்கள்.

உங்கள் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் உறங்குகிறார்கள். ஒருவர் பிரையன் மெரிமன். பள்ளிக்கூடம் நடத்தி, கிரேனி ஏரிக்கரைப் பக்கம் ஆளிச்செடி பயிரிட்டு, ஐரிஷ் மொழியில் ஆயிரம் வரிக் கவிதை ஒன்றை விட்டுச் சென்றவர். 1805-இல் இறந்தார். அவரை நாடே கொண்டாடுகிறது, கொண்டாடவும் வேண்டும். இன்னொருவர் பிடி ஏர்லி, நாட்டு வைத்தியம் பார்த்த பெண். அவர் கிடக்கும் இடத்தில் ஒரு பெயர்க்கல்கூட இல்லை.

1798-ஐ ஒட்டிப் பிறந்து 1874-இல் இறந்தவர் அவர். நான்கு முறை மணந்தும், தாய்வழி வந்த ஏர்லி என்ற பெயரைக் கடைசிவரை விடவில்லை. கில்பாரன் ஏரிக்கு அருகே இருந்த அவருடைய சின்ன வீட்டுக்கு, பல மைல் தாண்டியும் ஆட்கள் நடந்து வந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பசுவுக்குப் பால் வற்றிவிட்டது, கடைந்தால் வெண்ணெய் திரளவில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. பணம் கேட்க மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார் என்றுதான் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் அந்த நீலப் புட்டி. இறந்துபோன உறவு ஒருவர் மறு உலகத்திலிருந்து கொடுத்தது என்றும், அதற்குள் பார்த்தால் வரப்போவது தெரியும் என்றும் பேச்சு. அவர் இறந்ததும் அது கில்பாரன் ஏரியில் வீசப்பட்டதாம்.

அவரிடம் போகாதீர்கள் என்று கத்தோலிக்கக் குருக்கள் மேடையிலிருந்து தடுத்தார்கள். மக்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். அவரைக் கண்டித்துவிட்டுத் திரும்பிய ஒரு குருவின் குதிரை, நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை என்று கதை உண்டு. 1865-இல் என்னிஸ் நகரில் சூனியக் குற்றம் சாட்டி நிறுத்தியபோது, எதிராகச் சாட்சி சொல்ல ஆள் வராமல் வழக்கு விழுந்தது என்பார்கள். இந்தக் கதைகளில் எது எவ்வளவு உண்மை என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இவற்றைச் சொன்ன சனங்கள் எல்லோரும் அவர் பக்கம் நிற்கிறார்கள்.

ஏன் நின்றார்கள்? 1841-இல் கிளேர் மாவட்டத்தில் ஏறத்தாழ 2,86,000 பேர் இருந்தார்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு 1851-இல் 2,12,000 பேர்தான். அந்தப் பத்து ஆண்டுகளையும் பிடி அதே மண்ணில் வாழ்ந்து கடந்தார். பட்டினியும் காய்ச்சலும், வீட்டைவிட்டு வெளியேற்றும் பண்ணையாரின் ஆளும் வாசலில் நின்ற காலம் அது. கூலிக்காரனுக்கு டாக்டர் எங்கே கிடைப்பார்? முகத்தைப் பார்த்து, விசாரித்து, ஒரு புட்டி மருந்தைக் கையில் கொடுத்து, 'பாலம் தாண்டும்போது பத்திரம், உடைத்துவிடாதே' என்று சொல்லி அனுப்ப ஒரு மனுஷி இருந்தார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பிடி ஏர்லி வேறு ஆள். மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் விளையாட்டில் கிளேர் அணியைச் சபித்த சூனியக்காரி! 1914-இல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்ற அணி மறுபடி வெல்ல 1995 வரை காத்திருந்தது. அதற்குக் காரணம் அவருடைய சாபமாம். அந்தப் போட்டிகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கமே 1884-இல்தான் தொடங்கியது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே அவர் மண்ணுக்குள் போய்விட்டார். இல்லாத அணியை எப்படிச் சபிப்பது? 1995-இல் கோப்பையைக் கொண்டுவந்த பயிற்சியாளர் ஜெர் லாக்னேன் உங்கள் ஃபீக்கிள் பிள்ளைதான். அந்தக் கோப்பையோடு இந்தப் பழியையும் முடித்திருக்க வேண்டும். ஊரையே தேற்றிய பெண்ணை ஊரைக் கெடுத்தவளாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். 1937 முதல் 1939 வரை, அன்றைய அயர்லாந்து அரசின் கீழ் இருந்த 26 மாவட்டங்களில், சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஊர்க் கதைகளை நோட்டில் எழுதினார்கள். மொத்தம் 7,40,000 பக்கம். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாப்பாக இருக்கும் அவற்றை இப்போது இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1938-இல் 80 வயதான ஒரு தாத்தா, பிடி இறந்தபோது 16 வயதுப் பையன். பிடியைக் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய கடைசித் தலைமுறை அதுதான். அந்தத் தலைமுறையிடம் கேட்டு எழுதிய பக்கங்கள் இருக்கும்போது, பின்னாளில் சமைத்த சாபக் கதை எதற்கு? உங்கள் மாணவர்களை அந்த நோட்டுகளை வாசிக்க வையுங்கள். சொன்னவர் பெயர் பல பக்கங்களில் இருக்கிறது. தங்கள் பாட்டனுக்குப் பாட்டனை அவர்கள் அங்கே சந்திக்கவும் கூடும்.

மறு உலகத்தாரான தேவதைகளை உங்கள் முன்னோர் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், 'நல்லவர்கள்' என்றுதான் சொல்வார்கள். தமிழில் நாங்கள் நாகத்தை நல்ல பாம்பு என்பது போலத்தான் அதுவும். அச்சத்தையும் மரியாதையையும் ஒரே சொல்லில் வைக்கத் தெரிந்த ஊர் உங்களுடையது. பிடிக்கும் அப்படி ஒரு சொல் உங்கள் மொழியிலேயே இருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னக் கல் நடுங்கள். சரியான இடம் தெரியாவிட்டால் சுவரோரமாக இருந்தாலும் போதும். நீலப் புட்டிப் படம் வேண்டாம், சூனியக்காரி என்ற சொல்லும் வேண்டாம். பிடி ஏர்லி, 1874. அதற்குக் கீழே ஐரிஷ் மொழியில் 'பான் ஃபாசா'. அறிந்தவள் என்று பொருள்.

அன்புடன்,
தொலைவில் இருந்து வாசிக்கும் ஒருவன்