கல்லறையோரம் கேட்ட வசனம்: விசுவாசிகளுக்கும் மறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவை விசுவாசிக்கும் நண்பர்களுக்கும், கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் நண்பர்களுக்கும், என்னைப் போல் 'தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டு நிற்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன். இருபது வயதுக்குப் பிறகு விசுவாசம் மெல்ல மெல்லக் கழன்றது. யாரோடும் சண்டை போடவில்லை, எந்த நாளில் போனது என்றும் சொல்ல முடியாது. அதற்காகக் கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இந்த நிலைக்கு 'அறியவியலாமைக் கொள்கை' என்று நாக்கு சுளுக்கும் ஒரு பெயர் உண்டு. பேச்சுவழக்கில் எங்களுக்கு வழங்கும் பெயர் மதில்மேல் பூனை. சபைக்காரர்களும் அதையே சொல்கிறார்கள், பகுத்தறிவாளர்களும் அதையே சொல்கிறார்கள். உங்களுக்குள் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றாவது இருக்கிறதே என்று சில சமயம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

இந்த மடலை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டென்றால், அது நான் செய்த ஒரு தவறுதான். பல ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் தகப்பனார் நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனார். அவருக்காகச் சபையில் சங்கிலி ஜெபம், அதாவது ஒருவர் மாற்றி ஒருவர் விடாமல் ஜெபிப்பது, நடந்தது எனக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "இத்தனை பேர் ஜெபித்தும் என்ன ஆயிற்று, பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். வாதத்தில் ஜெயிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. அவர் பக்கம் நின்று, அவர் சார்பில் கோபப்படுவதாகவே நினைத்தேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அலுவல் பேச்சு மட்டும்தான்.

நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கவைத்தது 1860ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு கடிதம்.

அந்த ஆண்டை உங்களில் பலர் வேறொன்றுக்காக நினைவு வைத்திருப்பீர்கள். ஜூன் 30 அன்று ஆக்ஸ்ஃபர்டில் டார்வினின் கொள்கையை ஒட்டி பிஷப் சாமுவேல் வில்பர்போர்ஸும் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டார்கள். உங்களுக்குக் குரங்கு உறவு தாத்தா வழியிலா பாட்டி வழியிலா என்று பிஷப் கேட்டதாகவும், ஹக்ஸ்லி அவர் முகத்தில் அறைந்தாற்போல் பதில் சொன்னதாகவும் கதை. யார் எந்த வார்த்தையைச் சொன்னார் என்பதற்கு அங்கேயே எடுக்கப்பட்ட சொல்லுக்குச் சொல் பதிவு கிடையாது. கேட்டவர்கள் பின்னால் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஆனாலும் இன்றுவரை மேடைதோறும் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கதைதான்.

அடுத்த பதினொரு வாரத்தில் நடந்ததை யாரும் மேடையில் சொல்வதில்லை. செப்டம்பர் 15 அன்று ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல், நான்கு வயதுகூட நிறையாத பிள்ளை, ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் ஆறுதல் சொல்லி எழுதினார். 23ஆம் தேதி ஹக்ஸ்லி அவருக்கு ஒரு நீண்ட பதில் எழுதினார். என் மனைவியைத் தவிர வேறு எந்த மனிதரிடமும் நான் இவ்வளவு திறந்து பேசியதில்லை என்று அதில் சொல்கிறார். ஆன்மா அழியாதது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நம்புவதற்குக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று காட்டவும் வழியில்லை என்கிறார். பிறகு பிள்ளையை அடக்கம் செய்த நேரத்துக்கு வருகிறார். குழியருகே நின்ற குருவானவர் தம் கடமைப்படி கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தை வாசித்தார். மரித்தோர் உயிர்த்தெழாவிட்டால் புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம் என்று வருகிற வசனம். அது தன்னை எப்படித் தாக்கியது என்று சொல்ல முடியாது என்கிறார் ஹக்ஸ்லி. ஈடு செய்ய முடியாத ஒன்றை இழந்து நிற்கிறேன் என்பதற்காக, மனிதத்தன்மையை உதறிவிட்டு மிருகமாகப் புரளுவேனா? குரங்குகளுக்குக்கூட அதைவிட நன்றாகத் தெரியும், குட்டியைச் சுட்டுவிட்டால் அவை துக்கப்பட்டுத் தீர்க்கும், உடனே வயிறு புடைக்கத் தின்னப் போகாது என்று எழுதுகிறார்.

அந்தக் குருவானவர் யாரையும் புண்படுத்த நினைத்திருக்க மாட்டார். பவுல் அந்த வார்த்தைகளை எழுதியது உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை ஊன்றத்தான். வாசித்தவரின் காதில் அது ஆறுதலாக விழுந்திருக்கும். குழியைப் பார்த்து நின்ற தகப்பனின் காதிலோ, 'நீ நம்பாததால் உன் அன்புக்கும் துக்கத்துக்கும் அர்த்தமில்லை' என்று விழுந்தது. இதைப் படித்த அன்று எனக்கு என் கூட வேலை பார்த்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. நான் வாசித்தது வேறு வசனம், அவ்வளவுதான்.

கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது அதன் முகவரி. ஹக்ஸ்லிக்குத் தன்னைப் போலவே எண்ணும் நண்பர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சபையின் மேல் தனக்கு இருந்த கோபத்தை அவர் கொட்டியது சபையின் ஊழியர் ஒருவரிடம். இந்த மனிதர் என் துக்கத்தைப் பயன்படுத்தி என்னை மடக்க மாட்டார் என்று தெரிந்திருந்ததால்தான் அப்படி எழுத முடிந்தது என்று நான் நினைக்கிறேன். இவர்கள் கருத்து வேற்றுமையை மூடி மறைத்துக் குலவியவர்களும் அல்ல. 1866இல் ஜமைக்கா ஆளுநராக இருந்த எட்வர்ட் ஐர் நடத்திய கொடிய ஒடுக்குமுறை பெரிய சர்ச்சையானபோது ஹக்ஸ்லி அவர்மேல் வழக்குத் தொடுக்கவேண்டும் என்ற அணியில் இருந்தார். கிங்ஸ்லி ஆளுநரின் பக்கம். அதில் ஹக்ஸ்லிதான் சரி என்பது என் எண்ணம். குருவானவரைப் பரிசுத்தவானாக்க எனக்கு ஆசையில்லை. ஒருவரையொருவர் மதித்தவர்கள் இவ்வளவு தூரம் வேறுபடவும் முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் வைத்தவரும் இதே ஹக்ஸ்லிதான், 1869இல். விசுவாசிகளும் மறுப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கட்டுரை வாசித்து வாதிடுவதற்காக லண்டனில் அந்த ஆண்டு மெட்டாஃபிசிக்கல் சொசைட்டி என்று ஒரு சங்கம் தொடங்கியது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கைப் பெயர் இருந்தது. தான் மட்டும் வால் அறுந்த நரிபோல் நின்றதால் 'அக்னாஸ்டிக்' (அறியவியலாமைக் கொள்கையர்) என்ற சொல்லை உண்டாக்கிக்கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். பூனைக்கு முன்பே நரி!

கிறிஸ்தவ நண்பர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். சங்கீதம் 14ஐ எடுத்து மறுப்பாளர்மேல் எறியாதீர்கள். 'தேவன் இல்லை' என்று தன் இருதயத்தில் சொல்லுகிறவன் மதிகேடன் என்ற அந்த வசனத்தை நானும் சிறுவயதில் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன்தான். அங்கே எபிரேயத்தில் உள்ள சொல் 'நாபால்'. வேதத்தில் தாவீதின் கதையில் வரும் அபிகாயில் என்ற பெண்ணின் புருஷனுடைய பெயரும் அதே சொல். அவன் கடவுள் மறுப்பை உபதேசித்தவன் அல்ல. தாவீதின் ஆட்கள் ஆகாரம் கேட்டு வந்தபோது ஏசித் துரத்திய பணக்காரன். சங்கீதமும் அடுத்த வசனங்களில் ஜனங்களை அப்பத்தைத் தின்பதுபோல் தின்கிறவர்களைத்தான் பேசுகிறது. அறிவுக் குறையைவிட நெஞ்சின் கொடுமையைச் சுட்டும் சொல் அது. அந்தச் சொல் பொருந்துகிறவர்கள் ஆலயத்தின் முன்வரிசையிலும் உட்கார்ந்திருக்கலாம்.

அதைவிட வலிக்கிற வார்த்தை ஒன்று உண்டு: "உன் உள்மனசுக்குத் தெரியும், கடவுள் இருக்கிறார் என்று. நீ அவர்மேல் கோபமாக இருக்கிறாய்." என்னிடம் எத்தனையோ பேர் அன்பாகவே சொல்லியிருக்கிறார்கள். என் உள்மனசு எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குத் தெரியும் என்றால், பிறகு நாம் பேச என்ன இருக்கிறது? நாத்திகன் என்ற பட்டத்தை முதலில் சுமந்தவர்களில் உங்கள் முன்னோரும் உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். ரோமப் பேரரசின் தெய்வங்களை வணங்காததால் ஆதிக் கிறிஸ்தவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருந்த சிமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிகார்ப்பைப் பிடித்து நிறுத்தி, 'நாத்திகர்கள் ஒழிக' என்று தன் கூட்டத்தையே சபிக்கச் சொன்னார்கள். அவர் சுற்றி நின்ற கும்பலைப் பார்த்துக் கையசைத்து அதே வார்த்தையைச் சொன்னார் என்று அவருடைய மரண சாட்சியத்தில் எழுதியிருக்கிறது. கொன்றுபோட்டார்கள்.

மறுப்பாளர் நண்பர்களே, நீங்களும் இந்த மனசு படிக்கும் வித்தையைக் கைவிடவேண்டும். "பயத்தால் நம்புகிறார்கள், சின்ன வயதில் ஊட்டியதால் நம்புகிறார்கள்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள்! சிலர் விஷயத்தில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சந்தேகம் என்பது நீங்கள் கண்டுபிடித்த சரக்கு அல்ல. மாற்கு சுவிசேஷத்தில் நோயுற்ற பிள்ளையின் தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று ஒரே மூச்சில் கதறுகிறான். இயேசுவே சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார் என்று வேதமே பதிவு செய்திருக்கிறது. இதை வாரந்தோறும் வாசிக்கிற ஒருவரிடம் போய், 'கஷ்டம் வரும்போது உங்கள் கடவுள் எங்கே போனார் என்று யோசித்ததுண்டா?' என்று கேட்பது, மீனவனிடம் கடலைப் பார்த்ததுண்டா என்று கேட்பது போல.

கொடுமைக் கணக்கு பார்ப்பதையும் இரு தரப்பும் கொஞ்சம் நிறுத்தலாம். 1697இல் எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவனைத் தேவதூஷணக் குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். அல்பேனியா 1967இல் வழிபாட்டையே தடை செய்து ஆலயங்களையும் மசூதிகளையும் மூடியது. ஒருவர் முதலாவதைச் சொன்னால் மற்றவர் இரண்டாவதைச் சொல்வார். செத்தவர்களையும் சிறைப்பட்டவர்களையும் சீட்டுக்கட்டுபோல் இறக்கி விளையாடுவதில் அவர்களுக்கு என்ன மரியாதை?

இதற்குப் பதிலாக நான் சொல்ல விரும்புவது பிராட்லாவின் கதை. சார்லஸ் பிராட்லா வெளிப்படையான நாத்திகர். 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்தார். கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பதற்குப் பதில் மனசாட்சிப்படி உறுதி கூற அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, வழக்கமான உறுதிமொழியையே எடுக்கிறேன் என்றார், அதற்கும் விடவில்லை. தொகுதி மக்கள் மறுபடி மறுபடி அவரையே அனுப்பினார்கள். அவரை உள்ளே விடக்கூடாது என்று பிரசாரம் செய்தவர்களில் கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் மேனிங் ஒருவர். பிராட்லாவுக்கு வழிவிடும் மசோதாவுக்காக 1883 ஏப்ரலில் எழுந்து பேசியவர் பிரதமர் கிளாட்ஸ்டன். இருவருமே முன்பு சொன்ன சங்கத்தில் ஹக்ஸ்லியோடு உட்கார்ந்தவர்கள். கிளாட்ஸ்டன் ஊறிப்போன கிறிஸ்தவர், பிராட்லாவின் கருத்துகள் அவருக்கு அறவே பிடிக்காதவை. ஆனாலும் மதத்தின் பெயரால் ஒருவருக்கு அநீதி செய்தால் அது மதத்துக்கே கேடு என்று வாதாடினார். மசோதா 3 வாக்குகளில் தோற்றது. பிராட்லா 1886இல்தான் இருக்கையில் நிலையாக அமர முடிந்தது. 1888இல் உறுதிமொழிச் சட்டம் அவருடைய முயற்சியாலேயே திருத்தப்பட்டது. மரியாதை என்று நான் சொல்வது கிளாட்ஸ்டன் செய்ததை. அவர் பிராட்லாவோடு ஒத்துப்போகவில்லை. தான் ஒத்துப்போகாத ஒருவரின் உரிமைக்காகத் தன் பெயரைப் பணயம் வைத்தார்.

என் கூட்டத்தாருக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. 'தெரியாது' என்பதை ஓர் அசட்டுப் புன்னகையோடு சொல்லிவிட்டு, இருவரும் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கிறோமே, அந்தப் புன்னகையை மட்டும் விட்டுவிடுவோம். அதுவும் ஒரு கர்வம்தான்.

நான் கேட்பதில் மிக அவசரமானது சாவைப் பற்றியது. உயிரோடு இருக்கும்வரை எப்படியோ சமாளித்துவிடுகிறோம். செத்த பிறகுதான் வாய் பேச முடியாதவர்மேல் நம் நம்பிக்கையை ஏற்றுகிறோம். வாழ்நாளெல்லாம் கடவுள் இல்லை என்று சொன்னவர், கடைசி நிமிடத்தில் மனந்திரும்பியிருப்பார் என்று அவர் பெட்டிக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். விசுவாசத்தோடு வாழ்ந்த தாயை, 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொல்லி ஜெபமே இல்லாமல் அடக்கம் செய்த மகனையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே அத்துமீறல். போனவர் எதை விரும்பினார் என்று உயிரோடு இருக்கும்போதே கேட்டு வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், உங்கள் விருப்பத்தை முதலில் சொல்லுங்கள்; அவர் தன்னுடையதைச் சொல்வார்.

நோயாளியின் கட்டிலருகே, "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். ஜெபிக்கட்டுமா என்று ஒருவர் உங்களிடம் கேட்டால், மறுப்பாளர் நண்பரே, அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததை அவர் நீட்டுகிறார். வாங்காமலும் நன்றி சொல்ல முடியும்.

என்னோடு வேலை பார்த்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. இது அவர் கண்ணில் பட்டால், அன்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

ஹக்ஸ்லி 1895 ஜூன் 29 அன்று காலமானார். நோயலை அடக்கம் செய்திருந்த ஃபின்ச்லி கல்லறைத் தோட்டத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். தன் கல்லில் எதைப் பொறிக்கவேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருந்தார்: மனைவி ஹென்றியெட்டா எழுதிய கவிதையிலிருந்து மூன்று வரிகள். காத்திருந்து அழும் நெஞ்சங்களே, பயப்படாதிருங்கள் என்று அவை தொடங்குகின்றன. தமக்குப் பிரியமானவனுக்குக் கடவுள் நித்திரை அளிக்கிறார் என்ற சங்கீத வார்த்தை அடுத்து வருகிறது. அந்த நித்திரை முடிவே இல்லாததாக இருக்கவேண்டும் என்பது அவர் சித்தமானால், அதுவும் நல்லதே என்பது கடைசி வரி.

இப்படிக்கு,
மதில்மேல் நிற்கும் ஒருவன்