கோயில் திறந்தாயிற்று, ஜன்னல் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா பரவலால் தமிழகத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் வழிபாட்டுத் தலங்களுக்கு இருந்த தடை 2021 அக்டோபர் 14ஆம் தேதியோடு நீங்கியது. ஆகஸ்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடந்த நெல்லைச் சீமைத் தேவாலயங்களில் இப்போது முதல் மணியும் இரண்டாம் மணியும் கேட்கின்றன. எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வது வழக்கம்; இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறோம். 2021 நவம்பர் 28ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அதற்குள் சபைகள் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

பல கோயில்களில் வாசலில் கவனம் நிறைய இருக்கிறது. கையில் சானிடைசர் ஊற்றுகிறார்கள், நெற்றியில் கருவி காட்டிச் சூடு பார்க்கிறார்கள், பெஞ்சில் லைசால் வாடை அடிக்கிறது. உள்ளே போனால் ஐப்பசி மழைச் சாரலுக்குப் பயந்து இரண்டு பக்கத்து ஜன்னலும் சாத்தியிருக்கிறது. மேலே மின்விசிறி சுற்ற, நூற்றைம்பது பேர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கீர்த்தனை பாடுகிறார்கள். அந்தக் காற்றுதான் எங்களுக்குக் கவலை.

பேசும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து வருகிற பொடித்துளிகள், மூடிய அறையில் ஊதுவத்திப் புகை மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். 6 அடி தள்ளி உட்கார்ந்தவருக்கும் அந்தப் புகை வந்து சேரும். 2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாட்டுப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். அதில் 53 பேருக்கு நோய் கண்டது, 2 பேர் இறந்துபோனார்கள். அன்றைக்கு அங்கே வாசலில் சானிடைசர் இருந்தது. யாரும் கை குலுக்கவுமில்லை.

நெற்றிச் சூடு பார்க்கும் கருவியையும் ரொம்ப நம்ப வேண்டாம். வெயிலில் நடந்து வந்தவருக்கு அது கூடுதலாகக் காட்டும், மழையில் நனைந்து வந்தவருக்குக் குறைவாகக் காட்டும், பாராசிட்டமால் போட்டு வந்தவரைப் பிடிக்கவே பிடிக்காது. அதைவிட, "வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், தொண்டைவலி இருக்கா?" என்று வாசலில் நிற்பவர் தணிந்த குரலில் கேட்பது பயன் தரும். இருக்கிறது என்று சொல்கிறவரை நாலு பேர் பார்க்கத் திருப்பி அனுப்பினால், அடுத்த வாரம் அவர் மட்டுமல்ல, வேறு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். வேப்பமரத்தடியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

இனி ஜன்னல். ஒன்றரை வருடமாகச் சரியாகப் புழங்காத கோயிலில் ஜன்னலைத் திறப்பது சின்ன வேலை இல்லை. கீழ்த்தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். மழையில் மரம் ஊறிக் கதவு உப்பியிருக்கும். தட்டித் திறந்தால் கீல் பெயர்ந்து வரும், இடுக்கில் குளவி கூடு கட்டியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை ஒருவரை விட்டுச் செய்யச் சொன்னால் முடியாது. ஒரு வாரம் முன்னதாகவே ஆசாரியைக் கூப்பிட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டு, உப்பிய கதவை இழைத்து, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கொண்டி மாட்டிவிட வேண்டும். கொண்டி இல்லாத கதவு காற்றில் ஒருமுறை அடித்தாலே போதும், அடுத்த நிமிடம் யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள். மேலே வெளவாலுக்கும் புறாவுக்கும் அடித்த வலைகளைப் பாருங்கள். தூசி படிந்து அவை துணி மாதிரி ஆகியிருக்கும்.

எந்தப் பக்கம் திறப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. நம் கோயில்களில் பெரும்பாலும் பலிபீடம் கிழக்கே, பெரிய வாசல் மேற்கே. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சாரலைக் கொண்டுவரும். வடபுற ஜன்னலில் மேல்பாதியை மட்டும் திறந்து, வெளியே இரண்டடி தகரம் இறக்கிவிடலாம். தென்புறத்தையும் மேற்கு வாசலையும் முழுக்கத் திறந்து வைக்கலாம். பெருமழை நாளிலும் தென்புறத்தைச் சாத்த அவசியம் பெரும்பாலும் வராது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே வரும், பழைய காற்று வெளியே போகாது. எதிரெதிரே இரண்டு வழி வேண்டும். மேலே சுற்றும் மின்விசிறி உள்ளே இருக்கிற காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. நிற்கும் விசிறி ஒன்றைத் தென்புற ஜன்னலில் வெளியே பார்க்கத் திருப்பி வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

மிஷனரிமார் மின்விசிறியே இல்லாத காலத்தில் கட்டிய கோயில்கள் இதில் தப்பித்துக்கொள்ளும். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் 1826இல் எழும்பியது, இடையன்குடி கோயில் 1880இல் பிரதிஷ்டையானது. அந்தக் காலத்துக் கோயில்களின் உயர்ந்த கூரையும் நெடிய கதவும் காற்றுக்காகவே வைத்தவை. சிக்கல், பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிய கோயில்களில்தான். தாழ்வான பொய்க்கூரை, திறக்க முடியாத கண்ணாடி, சுவரில் ஏசி. வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது, உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றவிடும். அந்தக் கோயில்களில் ஏசியை நிறுத்திவிட்டு எக்ஸாஸ்ட் விசிறி மாட்ட வேண்டும்.

எத்தனை விசிறி என்று கேட்டால் இப்படிப் பாருங்கள். 60 அடி நீளம், 30 அடி அகலம், 15 அடி உயரமுள்ள கோயிலில் 27,000 கன அடி காற்று இருக்கிறது. மணிக்கு 6 முறை அது மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 2,700 கன அடி வெளியே போக வேண்டும். வேகமாகச் சுற்றும் 12 அங்குல விசிறி ஒன்று நிமிடத்துக்கு 1,000 கன அடி அளவில் தள்ளும், ஆக மூன்று. விசிறிப் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் அதை 0.6ஆல் பெருக்குங்கள், நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று வந்துவிடும். விசிறிகளை ஒரே சுவரில் மாட்டி, எதிர்ச்சுவரில் காற்று நுழைய வழி விடுங்கள். விசிறிக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் அது அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும், நடு ஹால் காற்று அப்படியே நிற்கும்.

முடிந்த சேகரங்கள் (பல சபைகள் சேர்ந்த பிரிவுகள்) கரியமில வாயு அளக்கும் கைக்கருவி ஒன்று வாங்கி, வாரம் ஒரு கோயிலாகக் கொண்டுபோய் வைக்கலாம். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும். ஆராதனை நடுவில் 800க்குள் நின்றால் காற்று ஓடுகிறது என்று பொருள். 1,000 தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்துக்கொண்டிருக்கிறார். கமிட்டியில் மணிக்கணக்காக வாதாடுவதைவிட அந்த எண்ணைப் பார்ப்பது சுலபம்.

ஆள் கணக்கு: 10 அடி பெஞ்சில் வழக்கமாக 6 பேர் உட்காருவார்கள். ஒன்று விட்டு ஒரு பெஞ்சில், முனைக்கு ஒருவராக 2 பேர் என்பதே இப்போதைக்குச் சரி. ஒரே வீட்டார் என்றால் 5 பேர் சேர்ந்தே உட்காரலாம்; அவர்களைப் பிரித்து உட்காரவைப்பதில் ஒரு லாபமும் இல்லை. கிராமத்துக் கோயில்களில் பெண்கள் பாயில் உட்காருகிற பக்கத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டுவிட்டு, பாயை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லலாம். எல்லோருக்கும் இடம் போதாது என்றால் ஆராதனையை இரண்டாகப் பிரியுங்கள். காலை ஆறரைக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள். நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரமும் ஜன்னலும் விசிறியும் வேலை செய்யட்டும். பிரசங்கம் 15 நிமிடம் போதும். அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் போகட்டும், கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பு மட்டும் கோயிலில் இருக்கட்டும். வருகிறவர் பெயரையும் பெஞ்சு எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து 14 நாள் வைத்திருந்துவிட்டுக் கிழித்துவிடலாம். யாருக்காவது நோய் கண்டால் பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்குப் போனில் சொன்னால் போதும். பெயரை மைக்கில் சொல்லவே கூடாது.

பாட்டு இல்லாமல் ஆராதனையா என்று மூத்தவர்கள் கண் கலங்குவது எங்களுக்குத் தெரியும். 2020 ஜூனில் மத்திய சுகாதாரத் துறை தந்த நெறிமுறையே பாடகர் குழுவைத் தவிர்த்து ஒலிப்பதிவைப் போடச் சொன்னது. ஒலிப்பதிவு வேண்டாம் என்கிற சபைகள், முகக்கவசத்தோடு ஒருவரோ இருவரோ மைக்கில் பாட, மற்றவர்கள் மெல்லிய குரலில் கூடப் பாடுவது என்று வைத்துக்கொள்ளலாம். மைக் அவசியம், மைக் இல்லாமல் குரலை உயர்த்தினால் துளி அதிகம் தெறிக்கும். கடைசிப் பாட்டை எல்லோரும் முற்றத்தில் விலகி நின்று பாடலாம். அங்கே எத்தனை சரணம் வேண்டுமானாலும் பாடுங்கள்.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் எல்லோரும் பருகுவதை இன்னும் கொஞ்ச காலம் ஒத்திவைப்பதே நல்லது. அப்பத்தை அவரவரே ரசத்தில் தோய்த்துக்கொள்வது பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் முப்பது பேர் விரல் நுனி ரசத்தில் படும். குருவானவர் ஒருவரே கை கழுவி, முகக்கவசம் அணிந்து, அப்பத்தைத் தோய்த்து உள்ளங்கையில் வைக்கட்டும். அல்லது ஆளுக்கொரு சிறு கிண்ணம் வைக்கலாம். ஜெபம் சொல்லும் நேரமெல்லாம் அப்பத் தட்டு மூடியிருக்க வேண்டும். பலிபீடத்துக்கு முன்னுள்ள கிராதியில் தோளோடு தோள் முழங்காலிடாமல், ஒரே வரிசையில் வந்து வாங்கிப் பக்கவாசல் வழியாகத் திரும்பலாம். சமாதான வாழ்த்துக்குக் கூப்பிய கை போதும். காணிக்கைப் பையை வரிசையில் கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக வாசலில் பெட்டி வைத்துவிடலாம். அதிலும் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்காமல் பார்ப்பதே பெரிய வேலை.

அசனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோறு தின்பதற்குத்தான் அசனம். அதைப் பொட்டலமாகக் கொடுத்தால் பாதி அர்த்தம் போய்விடும், வருத்தம்தான். ஆனாலும் முகக்கவசம் இல்லாமல், பேசிக்கொண்டே, நெருங்கி உட்காரும் இடம் பந்தியைப் போல வேறில்லை. இந்த வருடம் தூக்குவாளி கொண்டுவரச் சொல்லித் தெருத்தெருவாக நேரம் குறித்துக் கொடுக்கலாம். சோற்றைச் சுடச்சுட பாலித்தீனில் கட்டி அடுக்கினால் உள்ளே வியர்த்து மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். குழம்பைத் தனியாக ஊற்றுங்கள். இராத்திரியே வடித்து வைக்காமல் விடியற்காலையில் வடித்து, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள்.

டிசம்பர் மெழுகுவர்த்தி ஆராதனை நடத்துகிற சபைகளுக்கு ஓர் எச்சரிக்கை. சானிடைசரில் முக்கால்வாசி எரிசாராயம். கை ஈரம் காயாமல் தீக்குச்சி உரசினால் விரலில் நீலத்தீ பற்றும், பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்தி கொடுக்கும் அன்று வாசலில் சோப்பும் தண்ணீரும் மட்டும் வையுங்கள்.

2021 அக்டோபர் முடிய 18 வயதுக்குக் கீழே கொரோனா ஊசி போடத் தொடங்கவில்லை. ஆகையால் பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளி மரத்தடியிலேயே நடக்கட்டும். பெரியவர்களில், செப்டம்பர் 12ஆம் தேதி மெகா தடுப்பூசி முகாமில் முதல் கோவிஷீல்டு போட்டவர்களுக்கு 84 நாள் கணக்கில் டிசம்பர் 5ஆம் தேதி இரண்டாம் ஊசி வருகிறது. அதன் பலன் கூடுவதற்கு இரண்டு வாரம் ஆகும். கிறிஸ்துமஸுக்குச் சரியாக இருக்கும், ஆனால் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் தவறிவிடும். சபை ஊழியர்களான உபதேசியார்மாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வீட்டு வாரியாகப் பட்டியல் எடுத்து நினைவுபடுத்த வேண்டும். படுக்கையில் இருக்கிறவர்களையும், ஸ்மார்ட்போன் இல்லாத கிழவிகளையும் மறந்துவிடக் கூடாது. ஞாயிறு சாயங்காலம் திண்ணையில் நின்றபடி பத்து நிமிட ஜெபம் அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நேரலையை நிறுத்த வேண்டாம். போனின் மைக்கை நம்பாமல் ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து ஒயர் இழுத்தால் எதிரொலி இல்லாமல் கேட்கும்.

இந்த 2021இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. புத்தாண்டும் அப்படியே. பிழைக்கப்போன ஊர்களிலிருந்து வருகிறவர்களால் அந்த நாட்களில் கோயிலில் மூன்று பங்கு கூட்டம் சேரும். உள்ளே அடைக்கப் பார்க்காமல், பக்கவாட்டில் மறைப்பில்லாத தகரப் பந்தலை முற்றத்தில் போட்டு ஆராதனையையே அங்கே நடத்துவதுதான் எங்கள் யோசனை. 100 பேருக்கு விலகி நாற்காலி போட 60க்கு 60 அடி பந்தல் வேண்டும். மழைத்தண்ணீர் நாற்காலிப் பக்கம் வழியாதபடி கூரைச் சரிவைத் தெற்கே வைக்கச் சொல்லுங்கள். கார்த்திகை முகூர்த்தம் முடிகிறவரை பந்தல்காரர்களுக்குக் கை ஓயாது. மார்கழி பிறந்தால் தகரம் சும்மா கிடக்கும். முன்பணத்தை இந்த மாதமே கொடுத்துவைத்தால் டிசம்பர் 24ஆம் தேதி சாயங்காலத்துக்கு இடம் உறுதி.

இப்படிக்கு,
சேகர கமிட்டிப் பணியில் இருக்கும் சபையார் சிலர்,
பாளையங்கோட்டை வட்டாரம்